பின்பக்கம் இல்லாத தையல்

ஜெசிந்தாவை வட்டத்திலிருந்து வெளியேற்ற நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து பேரும் சம்மதம் என்று வாக்களித்துவிட்டார்கள். ஆறாவது வாக்கு அவளுடையது. எப்போதும்போல அவள் திரைப்பக்கமே வரவில்லை.

"பாவமாத்தான் இருக்கு," என்று மீனலோசனி எழுதினாள். "ஆனா நந்து சொன்னதுல நியாயம் இருக்கு. மனுஷியா இருந்தா இப்படியா இருப்பா?"

நந்தகோபன் அதைப் படித்துவிட்டு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். நெஞ்சில் ஏதோ லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஜெயித்த திருப்தி அந்த உறுத்தலைவிடப் பெரிதாக இருந்தது. இந்த வாக்கெடுப்பைக் கேட்டு வாங்கியவனே அவன்தான்.

அவர்கள் காலத்தில் நண்பர் கிடைப்பதற்கு யாரும் அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. ரசனைமானி இருந்தது. நீங்கள் எந்தக் கதையை எத்தனை முறை படித்தீர்கள், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்தீர்கள், நோட்டுப் புத்தக ஓரத்தில் என்ன கிறுக்கினீர்கள் எல்லாவற்றையும் அது அளக்கும். பிறகு உலகத்தையே சல்லடை போட்டுச் சலித்து, அதே பைத்தியம் பிடித்த இன்னும் ஐந்து பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் பினாங்கில் ஓர் உயிர்த்தோழி இருந்தாள்.

நந்தகோபனுக்குப் பிடித்த பைத்தியம் 'உப்புக்கப்பல்'. அவன் சிறுவயதில் வாரம் ஒன்றாக வந்த சித்திரத்தொடர் அது. கப்பித்தான் தங்கபுஷ்பம் தன் கப்பலை மூடுபனிக்குள் செலுத்துகிறாள். அந்த வாரத்தோடு பத்திரிகை நின்றுபோனது. கப்பல் பனியைவிட்டு வெளியே வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்திரண்டு வயதிலும் நந்தகோபன் அதை நினைத்துக்கொண்டிருந்தான் என்றால், நினைப்பதற்கு வேறு பெரிதாக அவனுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை என்றுதான் அர்த்தம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் தரம் பார்க்கிற வேலை. அம்மா போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டுப் பூட்டைத் திறக்க அவன் கை ஒன்றுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஆறு வருஷத்துக்கு முன்பு இந்த வட்டம் கிடைத்தது. நின்றுபோன கதையை ஆறு பேரும் சேர்ந்து தொடர்ந்தார்கள். பினாங்கிலிருந்து மீனலோசனி எழுதினாள், ஷாகுல் வரைந்தான், வேறு இருவர் பாட்டுக் கட்டினார்கள். நந்தகோபன் கடல் வரைபடங்கள் போட்டான். ஜெசிந்தா கொடிகளையும் பாய்களையும் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொருவர் வேலையையும் மற்ற ஐவரும் பார்த்துக் கருத்துச் சொல்வது வட்டத்தின் வழக்கம். நந்தகோபன் சாப்பிடாமல்கூட இருந்துவிடுவான், அந்தக் கருத்துகளைப் படிக்காமல் இருக்கமாட்டான்.

ஜெசிந்தா மட்டும் நாலைந்து நாள் கழித்து வருவாள். "படிச்சேன்" என்பாள். அவ்வளவுதான். ஒருமுறை அவன் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த வரைபடத்துக்கு, "காத்து தப்பாப் போட்டிருக்கு. உப்பு விளையுத ஊர்ல அந்தப் பக்கமிருந்து காத்து வராது" என்று எழுதினாள். மீனலோசனி அதே வரைபடத்தைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாக எழுதியிருந்தாள். அரை நிமிடத்தில் எழுதியிருந்தாள்.

நிரப்பிகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஆரம்ப காலத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் போதும், வட்டமே படுத்துவிடும். அதனால் நிறுவனம் ஒரு விதி செய்தது: எந்த வட்டத்திலும் ஓர் இருக்கையும் காலியாகக் கிடக்காது. ஆள் கிடைக்காத இருக்கையில் மனிதரைப்போலவே பேசுகிற ஒரு நிரலை உட்காரவைத்தார்கள். அதுதான் நிரப்பி. ஒரு வட்டத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது என்று வெளியே பேச்சு. நிறுவனம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் வாக்களித்து வெளியேற்றிக்கொள்ளலாம் என்று ஓர் உரிமையை மட்டும் கொடுத்து வைத்திருந்தது.

நந்தகோபன்தான் சோதனை வைத்தான். உப்புக்கப்பலில் எந்தச் சித்திரத்தைப் பார்த்து முதன்முதலாக அழுதீர்கள் என்று கேட்டான். நாலு பேரிடமிருந்தும் பத்து நிமிடத்துக்குள் பதில் வந்துவிட்டது, ஒவ்வொன்றும் உருக்கமாக. ஜெசிந்தாவின் பதில் ஐந்தாம் நாள் வந்தது.

"அழுகையெல்லாம் வரல. நல்லா இருந்துச்சு, படிச்சேன்."

அந்த ஒரு வரிக்குத்தான் நாலு நிமிட வாக்கெடுப்பு.

பதினோரு நாள் கழித்து அஞ்சலில் ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடி. முத்திரையில் இருந்த தேதி வாக்கெடுப்புக்கு முந்தைய நாள். உள்ளே கப்பித்தான் தங்கபுஷ்பத்தின் கொடி இருந்தது, நீலத் துணியில் வெள்ளை நூல் வேலைப்பாடு. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "தம்பி பொறந்தநாளுக்கு. காத்து பத்திச் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நந்தகோபனின் தொழில். முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம். திருப்பினால்தான் தெரியும். திருப்பினான். முடிச்சுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஓரிடத்தில் நூல் தீர்ந்து வேறு நூலைக் கோத்திருந்தாள். இன்னோரிடத்தில் பிரித்துவிட்டு மறுபடி தைத்திருந்தாள். ஒரு மூலையில் ஊசி குத்திய விரலின் ரத்தம் சிறு புள்ளியாகக் காய்ந்திருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த கை வேலை. எந்த இயந்திரமும் இப்படித் தைக்காது.

தன்மேல் அவனுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. வட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. கைத்திரையை அணைத்து மேசைக்குள் போட்டான். அவளை நேரில் போய்ப் பார்க்கக் கம்பெனியில் விடுப்பு கிடைக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் திரையை அவன் தொடவில்லை. ஆறு வருஷத்தில் அதுவே முதல்முறை.

தூத்துக்குடியில் வண்டி நின்றபோது பிற்பகல். பொட்டலத்தில் இருந்த முகவரி உப்பளத்தை ஒட்டிய ஒரு வரிசை வீடு. கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கால் பாதம் இரண்டும் உப்புப் பூத்து வெளுத்திருந்தன.

"நான் திருப்பூருங்க. நந்தகோபன்," என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆளு நேர்ல ஒல்லியா இருக்கிய. உள்ள வாங்க தம்பி."

கருப்பட்டிக் காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தாள். கோபமாகப் பேசினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் சர்க்கரைப் பேச்சும் பேசவில்லை, சண்டையும் போடவில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க அக்கா. நீங்க நிரப்பின்னு நான்தான் சொன்னேன். கொடி வந்ததுல இருந்து நாலு நாளா திரையையே தொறக்கலீங்க."

"தெரியும். வெளியேத்தியாச்சுன்னு சேதி வந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க எப்பவும் லேட்டா வருவீங்க. ஒரு வார்த்தைதான் பேசுவீங்க. அதனால..."

"வெயில்ல உப்பு மேல நின்னு பாருங்க, திரையில ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வந்தா கண்ணு எரியும். ஞாயித்துக்கிழமைதான் உக்காந்து படிப்பேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிப்பேன். அதுக்குமேல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாது."

ஆறு வருஷமாகத் தன் வரைபடங்களை இரண்டு தடவை பார்த்த ஒரே ஆளைத் தானே பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம் என்பது நந்தகோபனுக்கு உறைத்தது.

"இப்பவே சரிபண்ணிடறேன்," என்றான். "உங்கள ஒரு படம் எடுத்து வட்டத்துல போடறேன். எல்லாரும் மன்னிப்புக் கேப்பாங்க. உங்க திரை எங்கீங்க?"

"அலமாரில கெடக்கு. வெளியேத்துன அன்னைக்கு அணைச்சுப் போட்டது. அப்புறம் தொடல."

அவன் தன் கைத்திரையைத் திறந்தான். வட்டம் கலகலப்பாக இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தவன் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு அங்கே ஜெசிந்தா எழுதியிருந்தாள்.

"பிள்ளைகளா, நான் மனுஷிதான்னு கம்பெனிக்காரங்க சோதிச்சு உறுதி சொல்லிட்டாங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உப்புல நிக்கும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான். தங்கபுஷ்பத்த விட்டுட்டு என்னால இருக்க முடியுமா?"

திரையை அவளிடம் நீட்டினான். அவள் கண்ணைச் சுருக்கி மெதுவாகப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"என்னைய மாதிரியேதான் எழுதுதா," என்றாள். "என்னையவிட நல்லா எழுதுதா."

வெளியே உப்புக் குவியல்கள்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலி இருக்கை இருக்கக்கூடாது என்ற விதிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை. ஆள் போனால் புது ஆள் வரும் என்றுதான் எல்லாரையும்போல அவனும் நினைத்திருந்தான். போன ஆளே திரும்பி வந்து உட்காரும் என்று யார் கண்டது?

ஜெசிந்தாவின் விரல் அதற்குள் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தது.

"தம்பி, இதுல உங்க பேரு போட்டிருக்கே. நீங்க நாலு நாளா தொறக்கலன்னு சொன்னியளே?"

வாங்கிப் பார்த்தான். அவன் பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. ஜெசிந்தாவை வரவேற்றிருந்தான். தன் சந்தேகத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தான். அம்மாவின் நீலப் புடவையைக் கிழித்துத்தான் சிறுவயதில் தனக்கொரு கப்பல் கொடி செய்துகொண்டதாகவும், இந்தப் பிரிவு அதை நினைவூட்டியதாகவும் எழுதியிருந்தான். அந்தப் புடவை விஷயத்தை அவன் மீனலோசனியிடம் தனியாக, ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறான். புதிதாக ஒரு வரைபடமும் இருந்தது. கோடு இழுத்த விதம் அவனுடையது. காற்றின் திசைகூடச் சரியாக இருந்தது.

படித்துப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பழக்கதோஷத்தில் அவன் கைத்திரையைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் கறுப்பு மூடிதான் இருந்தது.

"இது நான் எழுதினது இல்லை," என்று அவசர அவசரமாகத் தட்டினான். "நாலு நாளா நான் திரையையே தொடல. இப்ப ஜெசிந்தா அக்கா வீட்டுலதான் இருக்கேன். அவங்களும் எழுதல. நீங்க பேசறது நிரப்பிகிட்ட. மீனா, நீயாவது நம்பு."

அரை நிமிடத்தில் மீனலோசனியின் பதில் வந்தது. வழக்கமாக அவன் மனதைக் குளிரவைக்கிற அதே அரை நிமிடம்.

"நந்து இப்படிப் பேசவே மாட்டான். எங்க நந்துவை எங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் பயமாயிருக்கு," என்று ஜெசிந்தாவின் பெயரில் ஒரு வரி வந்தது. "தம்பி இருக்கையில வேற எதுவோ புகுந்திருக்கு."

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"மீனா, நீ நிஜமா?" என்று அவன் கேட்டான். கேட்டிருக்கக்கூடாது. ஷாகுல் வாக்கெடுப்புக் கோரினான். நந்தகோபனின் இருக்கையில் நுழைந்திருப்பதை வெளியேற்றலாமா என்று கேள்வி வந்தது. வாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மீனலோசனி, ஷாகுல், பாட்டுக் கட்டுகிற இருவர், ஜெசிந்தா. ஐந்தோடு நின்றுவிடும் என்று அவன் எதிர்பார்த்தான். ஆறாவது வாக்கும் விழுந்தது. அது அவன் பெயரில் இருந்தது.

திரை வெறுமையானது.

"அந்த நாலு பேரும் இருக்காங்களா, இல்ல அவங்களும் எப்பவோ எந்திரிச்சுப் போயிட்டாங்களா?" என்று அவன் கேட்டான். குரல் அவனுடையதுபோலவே இல்லை.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள் ஜெசிந்தா. "எனக்கும் தெரியாது தம்பி. நாம ரெண்டு பேரு இருக்கோம்லா? அந்தக் காத்து விஷயத்த மொதல்ல சரி பண்ணுவோம். காயிதம் இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவனும் அந்தக் காகிதத்துக்காகத்தான் காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு வருஷப் பழக்கம் விடுமா? அந்த அரை நிமிடப் பதில் இல்லாத ஒரு மாலையை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ரசனைமானியைத் திறந்தான். புது வட்டம் வேண்டும் என்று அழுத்தினான். உப்புக்கப்பல், கடல் வரைபடம், நீலக் கொடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். அது அளந்தது. சலித்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே பதில் வந்துவிட்டது.

"உங்களுக்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிற ஒரு நண்பர் கிடைத்திருக்கிறார். பெயர் நந்தகோபன். ஊர் திருப்பூர். அவருடைய வட்டத்தில் தற்போது இடம் இல்லை. காலியானால் தெரிவிக்கிறோம். காத்திருக்க விருப்பமா?"

ஜெசிந்தா காகிதத்தோடு வந்து அவனெதிரே உட்கார்ந்தாள். காப்பியை ஆற்றி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றான் நந்தகோபன். அவள் பென்சிலைக் கூர்தீட்டக் குனிந்த நேரத்தில், ஆம் என்று அழுத்தினான்.