பிழை மூன்று மீட்டர்

பிழை ஏழு மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்த கருவி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது என்று மாற்றிக்கொண்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடர்ந்த காட்டுக்குள் என்றால் சரி, இலைகள் வானத்தை மறைக்கும். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே என்றால் சரி, சுவர்கள் மறைக்கும். இது வெறும் பொட்டல். கண்ணுக்கு எட்டியவரை முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், தூரத்தில் ஒரு தகரவேலி, வேலியை ஒட்டி நிற்கும் கம்பெனி வண்டி. ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானம் முழுசாகத் திறந்து கிடந்தது. இங்கேயே பிழை குறையாவிட்டால் வேறு எங்கேதான் குறையும்?

அவளுக்கு நில அளவை வேலை. கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பதும், சொன்ன இடத்தில் நின்று அந்த இடத்தைப் புள்ளியாகப் பதிந்துகொண்டு வருவதும்தான் சம்பளத்துக்கான பாடு. இந்தப் பொட்டலில் வீடுகள் வரப்போகின்றன. ஒரு காலத்தில் இங்கே தோட்டங்கள் இருந்தனவாம், தோட்டத்துக்கு ஒரு கிணறு. எல்லாவற்றையும் யாரோ எப்போதோ மண் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய கிணற்றின் மேல் சுவர் எழுப்பினால் சுவர் உட்காரும் என்பதால், கிணறுகள் இருந்த இடங்களைக் குறித்துத் தரச் சொல்லியிருந்தார் மேலாளர். நாளைக் காலையில் மண் தள்ளும் இயந்திரங்கள் வந்துவிடும். மற்ற கிணறுகளை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். நட்டநடுவில் இருந்த இந்தக் கடைசிக் கிணறுதான் அவள் உயிரை வாங்கியது.

கிணறு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, வட்டமாக ஓர் இடத்தில் மட்டும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கருவி தன் கணக்குகளையெல்லாம் கூட்டிக் கழித்துச் சராசரி பார்த்து, பிழையை மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்து, பீப் என்று ஒரு சத்தம் போடும். அப்புறம்தான் புள்ளி செல்லும். இடையில் ஓர் அடி நகர்ந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதுவரை எத்தனை தடவை ஆரம்பித்தாள் என்பதை அவள் எண்ணவில்லை, எண்ணினால் கருவியைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஆறு மணிக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் நாடகம். குட்டிக்கு நிலா வேஷம். நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வெள்ளை அட்டையின் மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டிக் கொடுத்ததே அவள்தான். போன வருஷ நாடகத்துக்கும் போகவில்லை, அதற்கு முந்தைய வருஷமும் போகவில்லை. இரண்டு தடவையும் வேலைதான் காரணம். இன்று காலையில் குட்டி வாசலில் வழிமறித்து நின்றாள்.

"நீ வரலன்னா நான் மேடையில ஏற மாட்டேன்மா. நான் ஏறலன்னா நிலாவே கிடையாது. எல்லாரும் இருட்டுல நிக்கணும், பாத்துக்கோ."

"வருவேன்டி. முன் வரிசையில உக்காந்திருப்பேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம். இப்போது கிளம்பினால்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்.

"இன்னும் ஆகலையா மேடம்?" வேலியோரத்திலிருந்து டிரைவர் கத்தினார். வண்டிக்குள் படுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கால்களை நீட்டியிருந்தார். வெளியே தெரிந்தது அவர் செருப்புகளின் அடிப்பாகம் மட்டும்தான். வலது செருப்பின் குதிகாலில் டயர் ரப்பரை வெட்டி மூன்று ஆணி அடித்திருந்தார். காலையில் அதைக் காட்டித்தான், இனி இது தன் பேரன் காலம்வரை உழைக்கும் என்று பெருமை பேசினார்.

"மெஷினுக்கு இன்னைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு அண்ணே."

"ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. எங்க வீட்டு டிவி அப்படித்தான் ஓடுது."

அவள் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்தாள். திரையில் ஒரு வட்டம் வரும், அதுதான் வானம். நடுப்புள்ளி தலைக்கு நேர் மேலே, வட்டத்தின் ஓரம் தொடுவானம். கருவிக்குத் தெரிகிற சாட்டிலைட்டுகள் அதில் சின்னச் சின்ன எண்களாக நிற்கும். வெட்டவெளியில் வட்டம் முழுக்க எண்கள் சிதறிக் கிடக்க வேண்டும். ஆனால் ஓரங்களில் ஒன்றுகூட இல்லை. இருந்தவையெல்லாம் நடுவை நோக்கி ஒதுங்கியிருந்தன. இப்படி ஒரு திரையை அவள் நகரத்தின் குறுகலான சந்துகளில் பார்த்திருக்கிறாள், இரண்டு பக்கமும் சுவர் எழும்பி நிற்கும் இடங்களில். சுற்றிலும் பார்த்தாள். காய்ந்த புல் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. புல் கொஞ்சம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது, முழங்காலில் இருந்தது இப்போது தொடையில் உரசியது. பள்ளமான இடத்தில் நிற்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது சட்டைப்பையிலிருந்து குட்டியின் குரல் கூப்பிட்டது. "அம்மா, போனை எடு. அம்மா, போனை எடு." போன வாரம் குட்டியே பேசிப் பதிந்து வைத்த அழைப்பு மணி அது. ஆனால் அழைத்தது மேலாளர்.

"என்னம்மா, ஒரு புள்ளிதானே பாக்கி? இவ்வளவு நேரமா?"

"பிழை குறையவே மாட்டேங்குது சார். நாளைக்குக் காலையில வந்து—"

"நாளைக்கு வண்டிங்க வந்துரும்மா. ஆமா, என்ன, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு? சத்தமாப் பேசு."

"கிணத்து மேலதான் சார் நிக்கறேன்."

மேலாளர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேசுகிற ஆத்திரத்தில் ஓர் அடி முன்னால் வைத்திருந்தாள், கருவி சராசரியை அழித்துவிட்டு வெறும் கோடுகளைக் காட்டியது. எட்டாவது நிமிடத்தில் போயிற்று எல்லாம். பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, அது கோபத்தில் வந்த நீர்தான்.

பக்கத்தில் போன் இருந்தாலும் கருவி உளறும் என்பார்கள். பச்சை வட்டத்தை விட்டு வெளியே வந்து, காய்ந்த புல்லில் கிடந்த பையின் மேல் போனை வைத்தாள். வெளியே வர ஒரு சின்ன மேடு ஏற வேண்டியிருந்தது. திரும்பி வந்து நடுவில் நின்றாள். இனி வானமே இடிந்து விழுந்தாலும் அசைவதில்லை, திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். கண் அலைந்தால் உடம்பும் சேர்ந்து அலைகிறது.

திரையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இதே பொட்டலில் எண்பத்திரண்டு என்றது, இப்போது எண்பது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். கருவி இடத்தைச் சொன்னால் நம்பு, உயரத்தைச் சொன்னால் நம்பாதே. உயரம் காட்டுவதில் எல்லாக் கருவிகளும் புளுகும்.

எழுபத்தொன்பது என்றது கருவி. புளுகு, புளுகு என்று மனதுக்குள் திட்டினாள்.

காற்று நின்றது. இவ்வளவு நேரம் காதோரம் ஓயாமல் சீறிக்கொண்டிருந்த காற்று, யாரோ ஜன்னலைச் சாத்தியது போல நின்றது. அப்பாடா, இனி கை ஆடாது என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நெற்றியில் வழிந்த வியர்வை குளிர்ந்தது. தகரவேலி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம், அதற்கு அப்பால் பெரிய சாலையின் இரைச்சல், வண்டியில் டிரைவர் வைத்திருந்த பாட்டு, எல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவை இப்போது எங்கோ உச்சியிலிருந்து வடிந்து வருவது போலக் கேட்டன. மழை பெய்து மாதக்கணக்காகிறது, இருந்தும் ஈரமண் வாசனை அடித்தது. முதல் மழையின் வாசனை இல்லை அது. நெடுநாள் வெயில் படாத மண்ணின் வாசனை, பழைய பாத்திரத்தின் அடியில் தேங்கிய தண்ணீரின் வாசனை.

ஐந்தாவது நிமிடம். பிழை ஆறு மீட்டர். குறைகிறது.

திரை மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் போய்விட்டதா, ஆறு மணி ஆகிவிட்டதா என்று பதறினாள். மூலையில் இருந்த மணியைப் பார்த்தாள், ஐந்தேகால்கூட ஆகவில்லை. கட்டைவிரலால் திரை விளக்கைப் போட்டாள். நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. பார்த்தால் கை அசையும். அசைந்தால் இன்னொரு பத்து நிமிடம். இன்னொரு பத்து நிமிடம் என்றால் நிலா மேடை ஏறாது.

ஏழாவது நிமிடம். பிழை ஐந்து. உயரம் எழுபத்தொன்று.

சாட்டிலைட் வட்டத்தில் நான்கு எண்கள்தான் மிஞ்சியிருந்தன. நான்கும் நட்டநடுவில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நான்கை வைத்துக்கொண்டு பிழை குறையவே கூடாது. அவள் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அதைத்தான் சொல்லின. ஆனால் குறைந்தது.

எட்டு. பிழை நான்கு.

அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. விட்ட மூச்சு எதிலோ பட்டுத் திரும்பி வந்து முகத்தில் பட்டது. இடது முழங்கையில் ஏதோ ஈரமாக உரசியது. புல்தான். புல்லாகத்தான் இருக்க வேண்டும். முழங்கை உயரத்துக்குப் புல்.

ஒன்பது.

மூன்று எண்கள். இரண்டு. ஒன்று.

எங்கோ மண் உதிர்ந்தது. பொலபொலவென்று. பக்கத்தில்.

அசையாதே. அசையாதே.

பீப்.

பிழை மூன்று மீட்டர். புள்ளி பதியப்பட்டது. அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள். "சனியனே, இதுக்கு இவ்வளவு நேரமா" என்று கருவியைச் செல்லமாகத் திட்டினாள். அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி மேலே ஏறிப் போயிற்று. பையை எடுக்கத் திரும்பினாள். கை மண்ணில் இடித்தது. ஈரமான, செங்குத்தான, வளைந்து போகும் மண். இன்னொரு பக்கம் கையை நீட்டினாள். அங்கேயும் மண்.

நிமிர்ந்து பார்த்தாள்.

தலைக்கு மேல் வெகு உயரத்தில் வானம் இருந்தது. வட்டமாக, வெள்ளையாக, நேற்று அவள் வெட்டிக் கொடுத்த அட்டை அளவுக்கு.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். குரல் கொஞ்ச தூரம் ஏறி, கனத்து, அவள் மேலேயே திரும்ப விழுந்தது.

மேலே குட்டியின் குரல் கேட்டது. "அம்மா, போனை எடு. அம்மா, போனை எடு." காய்ந்த புல்லின் மேல், பையின் மேல், வெயிலில். விடாமல் கூப்பிட்டது. "அம்மா, போனை எடு."

பிறகு காலடிகள். மெத்து மெத்தென்று புல்லை மிதித்து வந்தன. "மேடம்? மேடம், எங்க போனீங்க?"

"அண்ணே, கீழ பாருங்க. கிட்ட வராதீங்க, விழுந்துருவீங்க. கீழ பாருங்க அண்ணே."

அவர் நிற்கவில்லை. நடந்து வந்தார். வட்டத்தின் ஓரத்துக்கு வந்தார். அவள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள், அவர் விழப்போகிறார் என்று. அவர் விழவில்லை. வெள்ளை வட்டத்தின் மேல் ஒரு செருப்பின் அடிப்பாகம் வந்து பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்தரத்தில், ஒன்றுமில்லாததன் மேல், வீட்டுத் தரையில் நிற்பது போல நின்றன. குதிகாலில் டயர் ரப்பர். மூன்று ஆணி.

அவரோடு சேர்ந்து தலைக்கு நேர் மேலே வந்துவிட்ட குட்டியின் குரல் பாதியில் நின்றது.

"ஹலோ, யாரு, பாப்பாவா? அம்மா இங்கதான்மா நின்னுட்டிருந்தாங்க. இந்தா, இதே இடத்துலதான்." வலது கால் உயர்ந்து, தரையை இரண்டு முறை தட்டியது. அவளுக்கு மேலே, டொம் டொம் என்று, கெட்டியான மண். "பை இருக்கு, போன் இருக்கு. எங்கயாவது பக்கத்துல ஒதுங்கியிருப்பாங்க."

"அண்ணே."

"சரி பாப்பா. வந்துருவாங்க பாப்பா, நாடகத்துக்குக் கண்டிப்பா வந்துருவாங்க. நீ அழாத. அம்மா வர்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன், சரியா?"

கருவியின் விளக்கு அவள் கையில் எரிந்துகொண்டிருந்தது. உயரம் அறுபத்தெட்டு. அறுபத்தேழு. மேலே வட்டம் சிறுத்துக்கொண்டே போக, அந்த இரண்டு செருப்புகளும் அதன் நடுவில், சொன்ன சொல் தவறாமல், அசையாமல் நின்றன.