அழித்த திட்டு

நேற்றுவரை ஏரிக்குள் இருந்த பச்சைத் திட்டு இன்று தார்ச்சாலையைத் தாண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஆகாயத்தாமரை எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் அவள் வேலை. படம் வாரத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஆனால் அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் திட்டு பாலத்தையும் கடந்துவிட்டது.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

மேலதிகாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏதாவது மேக நிழலா இருக்கும்மா. அழிச்சிடு."

முன்பு ஒருநாளும் இதையேதான் சொன்னார். ஏரியைச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமாம். படகுத்துறைக்குக் கிழக்கே மிச்சமிருந்த திட்டை அவள் அழித்தாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்றார், விடவில்லை. மறுநாள் விடியற்காலை, ஏரியில் ஆழம் அளக்கும் படகு ஓட்டும் அவள் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "கிழக்கால தண்ணி தெளிவா இருக்கா?"

"இருக்கு. போயிட்டு வாங்க."

பனிமூட்டத்தில் போனான். ஆகாயத்தாமரை வேரில் சிக்கிய படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்த அதிகாரி தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "எல்லாம் விதிம்மா" என்று எழுந்து போனார்.

திரையில் திட்டு இப்போது அவள் தெருவில் இருந்தது. மூன்றாவது வீட்டின் மேல் வந்து நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

அது அவள் வீடு.

போட்டது போட்டபடி கிளம்பினாள். உச்சிவெயிலில் தெரு காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "குழாயை மூடாமப் போயிட்டியா? காலையிலேர்ந்து உள்ளே தண்ணி சொட்டுற சத்தம்."

குழாயை மூடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பூட்டு போட்டபடியே தொங்கியது. கதவைத் திறந்ததும், தேங்கிய ஏரிச் சேற்றின் வாடையும், அழுகிய தண்டின் வாடையும், அவற்றுக்கடியில் அவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு வியர்வை வாடையும் முகத்தில் வந்து அப்பின.

தரை காய்ந்திருந்தது. சுவரும்.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

தள்ளினாள்.

கட்டில் முழுக்கப் பச்சை. உப்பிய தண்டுகள். ஊதாப் பூக்கள். ஒரு ஆள் நீளத்துக்கு.

நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் இலைகள் ஏறின. இறங்கின.

ஏறின.

அவள் அசையவில்லை. இலைகள் மெல்லச் சுவரோரமாக ஒதுங்கின. இன்னொருவர் படுக்கும் அளவுக்கு இடம் விட்டன.