நண்டு கொழுத்த வாரம்

அந்த வாரம் நண்டெல்லாம் கொழுத்திருந்தன. வாசலில் கூடை இறக்கிய பெண் பாதி விலைக்கே கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள் என்று ஞானதாஸின் மனைவி செசிலியா பெருமையாகச் சொன்னாள். ஓட்டைப் பிளந்தபோது மஞ்சள் சதை பிதுங்கி வழிந்தது. ஞானதாஸ் நாலு நண்டை உறிஞ்சித் தின்று, விரலையும் நக்கினார்.

பழவேற்காட்டுக்கு மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டர் அவர். அப்பாவும் அண்ணனும் நாற்பத்தைந்தைத் தாண்டாமல் மாரடைப்பில் போனவர்கள். அவருக்கு நாற்பத்து நாலு. "முட்டி தாங்காது, நடக்காதீங்க, நீந்துங்க" என்று பொன்னேரி டாக்டர் சொன்னதிலிருந்து, துணிக்கடை ஜலாலுதீன், மீன் பிடிக்கிற பொன்னுரங்கம், இன்னும் இரண்டு பேரோடு விடியற்காலையில் ஏரியில் நீந்தி வந்தார். ஆறு மாதத்தில் எட்டு கிலோ இறங்கி, படியேறினால் இரைப்பது நின்றிருந்தது. போன வியாழக்கிழமை காற்றில் பொன்னுரங்கத்தின் படகு ஏரியில் கவிழ்ந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யாரும் நீந்த வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கார்டு வாங்க வந்த ஜலாலுதீனிடம், முந்தின நாள் நண்டுக் குழம்பைப் பற்றி நாக்கைச் சப்புக்கொட்டிச் சொன்னார்.

"நண்டா துன்னீங்க?" ஜலாலுதீன் முகத்தைச் சுளித்தார். "இன்னா சார் நீங்க. பொணம் ஆப்டற வரிக்கும் இந்த ஊர்ல யாரும் நண்ட வாயில வெக்க மாட்டாங்க."

"ஏன் பாய்?"

"தண்ணிக்கடில அது இன்னாத்த துன்னுதுனு நெனச்சீங்க?"

அலுவலகத்துக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தார். குழம்பு எப்போதோ செரித்திருந்தது. கசப்பு நீர்தான் வந்தது. செரித்துவிட்டது என்பதை நினைத்ததும் மறுபடி குமட்டியது. அது இனி வெளியே வராது. ரத்தத்தில் கலந்து, தொப்பையில் கொழுப்பாக உட்கார்ந்திருக்கும். ரத்தம் கசியும்வரை நாக்கை வழித்தார், தன் உடம்பே தனக்கு அருவருப்பாக இருந்தது.

மாடியில் ரிஜிஸ்டர் எடுக்கப் போனபோது இடது மார்பு இறுகியது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து நாள் நீந்தாததற்கே இந்தக் கதி. செத்தவனுக்காகத் துக்கம் காக்கலாம், கூடவே சாக முடியுமா? கோட்டைக்குப்பம் தாண்டி, முகத்துவாரத்துப் பக்கம் கடல் தண்ணீர் ஏறும், சுத்தமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் செசிலியாவிடம்கூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார்.

வெயில் இறங்கியிருந்தது. கரையில் ஆளில்லை. அழுகிய பாசியும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம் மூக்கிலேறியது, தண்ணீர் யாரோ குளித்துவிட்டு எழுந்துபோன தொட்டியைப் போல வெதுவெதுப்பாக இருந்தது, காலடியில் சேறு விரலிடுக்கு வழியே பிதுங்கிக் கணுக்கால்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தார். இருபது வீச்சு, முப்பது. மார்பு தளர்ந்தது. செரித்துவிட்டதென்று நினைத்த நண்டுக் குழம்பு ஏப்பமாக வந்தது.

பக்கத்தில் யாரோ தண்ணீரைத் தள்ளும் சத்தம். அவர் நின்றார், அதுவும் நின்றது. மடவை மீனாக இருக்கும். மறுபடி நீந்தினார். சளக். சளக். அவர் வீச்சுக்கு ஒரு வீச்சு. ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அவருடையது.

கரைக்குத் திரும்பினார். தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்திருந்தது, வெள்ளையாக ஏதோ உதட்டில் ஒட்டியது. துப்பினார். வேகவைத்த தோல் மாதிரி மெத்தென்று இருந்தது.

மார்பு இறுகியது. இந்த முறை விடவில்லை. வலி தோள் வழியாகத் தாடைக்கு ஏறியது. காலை ஊன்றினார், நெஞ்சளவு ஆழம்தான். ஆனால் சேறு முழங்கால்வரை உள்ளே வாங்கியது. இழுத்தார், வரவில்லை. இன்னும் இறங்கியது. தண்ணீர் மோவாயைத் தொட்டது.

"யாராவது இருக்கீங்களா? கை குடுங்க."

இடப்பக்கம், தண்ணீர் மட்டத்தில், ஒரு கை நீண்டது.

யாருடையது என்று பார்க்கவில்லை. சாகக் கூடாது, அவ்வளவுதான். பற்றினார். குளிர்ந்திருந்தது. ஊறிய ரொட்டியைப்போல நசுங்கியது. பிடித்து இழுத்தது. ஒரு கால் சேற்றிலிருந்து விடுபட்டது. இறுக்கிப் பிடித்தார்.

கை வழுக்கியது.

வழுக்கவில்லை. உரிந்தது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, தோல் முழுசாகக் கழன்று அவர் உள்ளங்கையில் தங்கிவிட்டது. தொளதொளவென்று. ஐந்து நகங்களோடு.

அவர் உதறினார். ஒட்டிக்கொண்டிருந்தது.

தோலுக்கு உள்ளே இருந்த கை பிடியை விடவில்லை. அவர் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.