கடைசிப் பக்கத்தில் நிற்பது

“புள்ள அஞ்சு ராத்திரியா கண்ண மூடலங்க. இன்னிக்கு ஒரு நா வூட்டுல இருந்தா—”

“கத சொல்லி மெரட்டுனது நீ. இப்ப நா வந்து—”

“நா மெரட்டல. பொஸ்தகப் படத்துல இருக்கறதத்தான் சொன்னேன்.”

“சூளைய மூட்டியாச்சு ராஜாம்பா. நெருப்ப வுட்டுட்டு வந்து ஒம் பொண்ணுக்குத் தாலாட்டுப் பாடவா?”

ஒம் பொண்ணு. அந்த ஒரு சொல்லில் ராஜாம்பாளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. பெற்றது இரண்டு பேரும். ராத்திரியில் பயந்தால் மட்டும் அவள் பெண். சுப்புராயன் பீங்கான் பட்டறையில் பொம்மை சுடுகிறவன். சூளை மூட்டினால் இரண்டு ராத்திரி அதன் வாயிலேயே கிடக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவன் சோத்துத் தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னதையெல்லாம் தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உள்ளே விருத்தாம்பாள் பாயில் படுத்திருந்தாள். ஐந்து வயது. மூன்று பேர் படுக்கிற பாய் அது. குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு, தலையணையின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் கன்னம் வைத்திருந்தாள். ஏன் இப்படிப் படுத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, அதுக்கு எடம் வுட்டிருக்கேன் என்றாள், சோறு போதும் என்பதுபோல.

பக்கத்து வீட்டு தாஜ் நிஷாவின் புருஷன் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் அனுப்பிய பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வந்தது அந்தப் படப்புத்தகம். அவளுக்குப் பிள்ளை இல்லை, விருத்தாவுக்குக் கொடுத்துவிட்டாள். எழுத்து அரபி, ராஜாம்பாளுக்கு வெறும் புள்ளியும் வளைவும். படம் போதாதா என்று அரிக்கேன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தானே கதை கட்டினாள். முதல் பக்கத்தில் மணல், தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்ததில் அது ஆள் உயரம். அப்புறம் தெருவில். அப்புறம் வாசலில். கடைசிப் பக்கத்தில், போர்வைக்குள்ளிருந்து ஒரு குழந்தை கண்ணை மட்டும் காட்ட, அதன் தலைமாட்டில் அது குனிந்து நின்றது. அதற்கு மேல் அட்டை. அப்புறம் என்னம்மா என்று விருத்தா தினமும் கேட்டாள். அப்புறம் ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க என்று ராஜாம்பாளும் தினமும் முடித்தாள்.

கோபம் அடங்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாஜ் நிஷாவின் கதவைத் தட்டினாள். இதையெல்லாம் ஒரு பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பார்களா என்று வாசற்படியிலேயே ஆரம்பித்தாள். தாஜ் நிஷா முழுவதையும் கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கி, ராஜாம்பாள் கடைசி என்று நினைத்திருந்த அட்டையைத் திறந்தாள்.

“அக்கா, இத இந்தப் பக்கமிருந்து படிக்கணும். நாங்க ஓதுற கிதாபு மாதிரி. மொதல்ல அது தலைமாட்டுல நிக்குது. புள்ள எழுந்து அத போன்னு சொல்லுது. அது ஒவ்வொரு எட்டா வெளிய போயி, கடைசில மணல்ல புள்ளியா மறைஞ்சிடுது.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க தெனம் அத வூட்டுக்குள்ள கூப்புட்டிருக்கீங்க.”

இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று ராஜாம்பாள் சீறினாள். படம்தானே பார்ப்பீங்கன்னு நெனச்சேன் என்ற பதிலைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை. சுப்புராயன் சட்டையில் தினமும் வருகிற ஈரக் களிமண் வாசனைதான். ஆனால் அவன் வீட்டில் இல்லை, அவன் சட்டையும் அவனோடு போயிருந்தது, இதுவோ பல நாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தாற்போல ஆழமாக, குளிர்ச்சியாக, பாய் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகக் கடந்துபோக, அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு குழந்தையின் மூச்சு கேட்டது. அதற்கு ஒரு அரை நொடி பிந்தி, இன்னொன்று.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவள் வீடு. அவள் குழந்தை. தெருக்கதவை விரியத் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாமல் அம்மிக்குழவியை அண்டக்கொடுத்தாள். பாயின் விளிம்பில் உட்கார்ந்து புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து திறந்தாள். விருத்தாவிடம் எதுவும் விளக்கவில்லை. படித்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்துவதில்லை என்று மட்டும் முடிவுசெய்துகொண்டாள்.

தலைமாட்டில் அது.

“போ,” என்றாள்.

பாய் சரசரத்தது. பாரம் ஒன்று எழுந்தது.

அடுத்த தாள். குரலை உயர்த்தினாள். ஐந்து ராத்திரி ஆத்திரமும் அதில் இருந்தது. சூளையைக் காரணம் காட்டிப் போனவன்மேல், சிரித்துக்கொண்டே புத்தகம் கொடுத்தவள்மேல், தெரியாத எழுத்துக்குக் கதை கட்டிய தன்மேல்.

“எழுந்து போ. என் வூட்ட வுட்டுப் போ.”

தோளருகே குளிர் உரசிக்கொண்டு நகர்ந்தது. அரிக்கேன் சுடர் வாசல் பக்கம் சாய்ந்தது. காலடி. மெதுவாக, தயங்கித் தயங்கி. ஒரு இடத்தில் நின்றது.

நிற்கிறதா. இன்னும் நிற்கிறதா.

“நிக்காத. போன்னு சொன்னேன்ல.”

படி இறங்கியது.

தாள். தெரு. தாள். ஆள் உயரம். தாள். மணல், தூரத்தில் புள்ளி.

முடிந்தது.

வாசனை போய்விட்டதா என்று முகர்ந்தாள். தெரியவில்லை. நிமிர்ந்தாள்.

திறந்த கதவு. தெருக்கோடியில் பட்டறைச் சூளையின் சிவப்பு. அந்த வெளிச்சத்தை நோக்கி, நீலக் கவுன் போட்ட ஒரு சின்ன உருவம் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் பின்னிவிட்ட ஒற்றைச் சடை. பின்னால் பொத்தான் விட்டுப்போன கவுன். போகச் சொன்னதற்காகப் போகிற குழந்தையின் நடை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. புள்ளியாகிக்கொண்டிருந்தது.

கூப்பிட வாயெடுத்தாள்.

அவளுக்குப் பின்னால், பாயில், ஏதோ ஒன்று புரண்டு நடுவுக்கு வந்து படுத்தது.

“அம்மா, அது போயிடுச்சு. கதவச் சாத்திட்டு வா.”