மூழ்கவிடாத நீர்

டார்சி மூழ்கவில்லை. இடுப்பில் டிராக்டர் சங்கிலியைச் சுற்றித் தள்ளிவிட்டும், ஒருமுறை புரண்டு, முகம் வானத்தைப் பார்க்க மிதந்தான்.

கரையிலிருந்து நடு ஏரிவரை உப்புப் பாளம் காய்ந்து கிடந்தது. இங்கே மட்டும், போன வாரத்து மழையில் அது கரைந்து, கடலைவிடப் பத்து மடங்கு கரிக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. கண்ணைப் பறிக்கும் வெயிலில் அழுகிய முட்டை வாடையும், பாளம் விரிசல்விடும் மெல்லிய சத்தமும், கணவன் வெஸ்ஸின் மூச்சிரைப்பும் தவிர நொரீனுக்கு வேறெதுவும் எட்டவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான் என்று, உப்புக் கொட்டகையில் வைத்து மேஸ்திரி டார்சியின் மண்டையை வெஸ் கடப்பாரையால் பிளந்திருந்தான். அந்த ரத்தம் அவள் சட்டையில் விறைத்துப்போயிருந்தது.

"இதுல எதுவும் முங்காது வெஸ். ஊருக்கே தெரியும். கல்கூர்லி போலீசுல போய்ச் சொல்லிடலாம்."

"வாய மூடுடி. அவன் பக்கத்துல நீயும் மெதக்கணுமா?"

கடப்பாரையை டார்சியின் மார்பில் ஊன்றி அழுத்தினான். விலா நொறுங்கியது. உடல் உள்ளே போனது, எழுந்தது. மறுபடி குத்தினான். தெறித்த நீர் கண்ணில் பட்டு எரிய, அலறிக்கொண்டே கண்மண் தெரியாமல் அடித்தான்.

இந்த முறை டார்சி மேலே வரவில்லை.

"பாத்தியா? முங்கிட்டான்."

குமிழ்கள் வந்தன. பிறகு முடி. உப்புக் கட்டி வெளுத்த முடி. கழுத்தில் இறுகிய கம்பி. ஒரு பெண்.

வெஸ்ஸின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது.

"மாவிஸ்..."

சிட்னிக்கு ஓடிப்போய்விட்டாள் என்று அவன் சொல்லிவந்த முதல் மனைவியின் பெயர் அது.

அவள் கண் திறந்தது. கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பற்றியது. எலும்பு முறிந்தது.

"நொரீன்! இழுடி! கையக் குடுடி!"

நீண்டிருந்த அந்தக் கையை நொரீன் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள்.

வெஸ் மூழ்கினான். கல்லைப் போல.

நீர் செக்கச்செவேலென்று கொப்பளித்தது. அடங்கியது.

நொரீன் கரையை நோக்கி ஓடினாள். காலடியில், பாளத்துக்கு அடியிலிருந்து, தட்டும் சத்தம். ஓடினாள். மறுபடியும் தட்டல். முன்னால். பின்னால்.

குனிந்து பார்த்தாள்.

கண்ணாடியாய் மெலிந்திருந்த உப்புக்குக் கீழே, மேல்நோக்கி விரித்த ஓர் உள்ளங்கை. பக்கத்தில் இன்னொன்று. கரைவரைக்கும் உள்ளங்கைகள்.