நாய்க்கு விழாத ஓட்டு

உங்கள் ஊரில் நீதிபதி பதவிக்கு ஒரே ஒரு ஆள் நிற்கிறார். அவரையும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?

லார்க்ஸ்பர் கவுண்ட்டி என்ற மாவட்டத்தில் யாரோ ஒருவர் நாய்க்குப் போட்டார்!

விளையாட்டுக்கு ஒரு தடவை அல்ல. அடுத்தடுத்து மூன்று தடவை நடந்த நீதிபதித் தேர்தலில்!

ஓட்டுச் சீட்டில் 'ஹால்பர்ட்' என்ற பெயருக்குக் கீழே ஒரு காலிக் கோடு இருக்கும். பிடிக்காதவர்கள் வேறு பெயர் எழுதலாம். அந்தக் கோட்டில், கொட்டை எழுத்தில், பச்சை மையில்...

பிஸ்கட்.

இந்த நவம்பரில் அந்தப் பச்சை மையைக் காணோம்!

"இல்ல... இருக்கவே முடியாது!"

வெர்னா ப்ரூயிட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கோர்ட்டுக் கட்டடத்தின் ஓட்டு எண்ணும் அறையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"உக்காரு வெர்னா. ஜன்னல் வழியா ஜனங்க பாக்கறாங்க. ஓட்டைத் திருடிட்டோம்னு நாளைக்கே கிளப்பிவிடுவாங்க" என்றான் எதிரே இருந்த டாயில்.

ஒரு மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் இந்தக் கட்சி, ஒருவர் அந்தக் கட்சி. ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பதற்காகவே அப்படி ஏற்பாடு. டாயிலும் வெர்னாவும் எதிரெதிர்க் கட்சி. பல வருஷமாக ஒரே மேஜை. பெயர் எழுதிப் போட்ட சீட்டெல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும்.

"பிஸ்கட் இல்ல, டாயில்!"

"போகட்டும் விடு. இயேசுவுக்கு நாலு விழுந்திருக்கு. யாரோ மாமியார் பேரை எழுதியிருக்கான். தைரியசாலி!"

"சிரிக்காதே. நான் பூரா கட்டையும் புரட்டிட்டேன்."

"பூராவும் புரட்டல. கடைசிச் சீட்டு இருக்கு."

அந்தச் சீட்டின் மேல் அவன் முழங்கை இருந்தது.

"அதுல பிஸ்கட்டா?"

"இல்ல."

"பாத்துட்டியா?"

"ம்... பாத்துட்டேன்."

டாயிலுக்கு அறுபத்து மூன்று வயது. காது மட்டும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிவந்தது. வெர்னா அதைக் கவனிக்கவில்லை. அவள் நினைப்பு வேறு எங்கோ இருந்தது.

பிஸ்கட் யார் வீட்டு நாய் என்று அவளுக்குத் தெரியும்!

குவாரிக் குளத்தோரம் இருக்கும் லோர்னா டிபெட்ஸின் நாய். ஆக, ஓட்டு போட்டவள் லோர்னா. வெர்னா இதை யாரிடமும் சொன்னதில்லை. யார் யாருக்குப் போட்டார்கள் என்று மேஜையில் உட்கார்ந்தவர்கள் பேசக் கூடாது. கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மீறினால் நாற்காலி போய்விடும்.

அந்த நாற்காலியை விட்டால் வெர்னாவுக்கு வேறு என்ன இருக்கிறது?

புருஷன் செத்தபின் வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. ஸ்கூல் பஸ் ஓட்டிய வேலையும் போயிற்று. கடையில், "பை வேணுமா?" என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்பாள். சில வாரங்களில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அதுதான்.

தேர்தல் வந்தால்தான் எதிரே ஓர் ஆள். மேஜையில் காபி. அப்புறம் அந்தப் பச்சை மை... பேசிப் பழகாத சிநேகிதி அனுப்பும் கடிதம் மாதிரி.

இப்போது கடிதம் வரவில்லை.

எழுந்து மார்ஜியிடம் போனாள். மார்ஜிதான் தேர்தல் அதிகாரி.

"மார்ஜி, லோர்னா டிபெட்ஸோட தபால் ஓட்டு உறை வந்துதா?"

"வந்தாச்சே. கையெழுத்தும் சரியா இருந்தது. எதுக்குக் கேக்கறே?"

"சும்மா."

சும்மாவா? உறை வந்திருக்கிறது... பிஸ்கட் வரவில்லை!

அப்படியானால் சீட்டை நிரப்பியது லோர்னா இல்லை. வேறு யாரோ!

போன வாரம் கடையில் பார்த்த காட்சி வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது. லோர்னாவின் புருஷன் கஸ், டப்பா சூப்பாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தான். "லோர்னா எங்கே?" என்றதற்கு, "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

இந்தத் தேர்தலில் மூன்றாம் தீர்மானம் என்று ஒன்று. குவாரிக் குளத்தை வற்றவைத்துப் பூங்கா கட்டலாமா, வேண்டாமா? ஊர் முழுக்க 'மூன்றுக்கு வேண்டாம் போடுங்கள்' என்று பலகை நட்டவன் கஸ்!

குளம் வற்றினால் அவனுக்கு என்ன?

அடியில் என்ன கிடக்கிறது?!

"டாயில், நான் ஷெரிஃபைப் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

விஷயத்தைக் காதோடு சொன்னாள். டாயில் முகம் வெளுத்தது.

"வெர்னா... நில்லு. நான் ஒண்ணு சொல்லணும். ஆனா இங்க வேணாம். இந்தச் சீட்டை முடிச்சிடலாம். அப்புறம்..."

"ஒரு பொம்பளை தண்ணிக்கடியில கிடக்கறா. உனக்குச் சீட்டா முக்கியம்?"

"வாயைத் திறந்தா உன்னை மறுபடி இந்த மேஜையில உக்காரவிட மாட்டாங்க. தெரியுமில்ல?"

தெரியும். நன்றாகத் தெரியும்.

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவருகே ஒரு நிமிஷம் நின்றாள். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள்.

போய்விட்டாள்!

கவுண்ட்டிப் போலீஸுக்கே தலைவரான ஷெரிஃப் வேட், ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் ஏறிய பையன்.

"டேய் வேட், கதவைச் சாத்து."

"வெர்னாம்மா, நான் இப்ப ஷெரிஃப். அந்த 'டேய்'யைக் கொஞ்சம்..."

"பஸ்ல வாந்தி எடுத்தப்ப துடைச்சவ நான். சாத்துடா!"

சாத்தினான். கேட்டான். கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

"ஒரு நாய்க்கு ஓட்டு விழல... அதனால ஒரு கொலை?"

"லோர்னாவுக்கு போன் போடு. எடுத்தாள்னா நான் முட்டாள். வீட்டுக்குப் போறேன்."

வேட் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது... அடித்தது...

"யாரு?"

ஆண் குரல்! கஸ்!

"கஸ், நான் ஷெரிஃப். லோர்னாகிட்டக் குடு."

"அவ... அவ போனை வெச்சுட்டுப் போயிட்டா."

"தங்கச்சி நம்பர்?"

"அது அவ போன்லதான் இருக்கும். எனக்கு அதைத் திறக்கத் தெரியாது!"

லைன் துண்டித்தது.

வேட் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது. "குளத்துல ஆளை இறக்கிப் பாத்துடறேன்" என்றான்.

வாசலில் நிழல் விழுந்தது. நீதிபதி ஹால்பர்ட்! வழவழவென்று சீவிய வெள்ளை முடி. இந்த ஊரில் இருபது வருஷமாக எதிர்ப்பே இல்லாத மனிதர்.

"குளத்துல ஆள் இறக்கப் போறியாமே, வேட்? தாழ்வாரம் பூரா கேக்குது."

"ஆமா சார்."

"நாய்க் கதையை நம்பியா? இதுக்கெல்லாம் நான் உத்தரவு தர மாட்டேன்."

"உத்தரவு தேவையில்ல சார். குளம் கவுண்ட்டியோடது. கவுண்ட்டிக்கு ஷெரிஃப் நான்."

ஹால்பர்ட் வெர்னாவைப் பார்த்தார்.

"சத்தியத்தை மீறியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"இருக்கு ஐயா" என்றாள் வெர்னா. "ஆனா குளத்தைப் பாத்துட்டு மொத்தமா வெக்கப்படறேன்."

மதியம். குவாரிக் குளம். ஓரமெல்லாம் மெல்லிய பனித்தகடு.

தீயணைப்பு ஆட்கள் படகை இறக்கினார்கள். ரப்பர் உடை போட்ட ஒருவன் தண்ணீருக்குள் மறைந்தான். கரையில் பாதி ஊர்!

"என் பொண்டாட்டியை நான் கொன்னேனா?" கஸ் கத்தினான். "அவ இல்லாம ரெண்டு வாரமா சூப்பு குடிச்சு நாக்கு செத்துப்போச்சு! கொல்றவன் சமைக்கக் கத்துக்கிட்டு இல்ல கொல்லுவான்!"

"அப்புறம் ஏன்யா குளத்தை வற்றவைக்க வேணாம்னு ஊர் பூரா பலகை நட்டே?" என்றாள் வெர்னா.

"மீன் பிடிக்கத்தான்! பலகை கூட என் காசு இல்ல. ஜட்ஜ் ஐயா குடுத்தார். பேரைச் சொல்லாதேன்னார்..."

வேட் மெதுவாகத் திரும்பினான். கூட்டத்தில் நின்ற ஹால்பர்ட் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அப்போது ஒரு பழைய கார் கரைக்கு வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கிழட்டு நாய் இறங்கியது. அப்புறம்...

லோர்னா டிபெட்ஸ்!

"என்ன இது கூட்டம்? யாரு முங்கிட்டாங்க?"

"நீதான்!" என்றான் கஸ்.

கரையே சிரித்தது. வெர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோர்னாவிடம் போனாள்.

"லோர்னா... நீ ஓட்டு..."

"ஊருக்குப் போறதுக்கு முந்தியே போட்டு அனுப்பிட்டேனே. ஏன்?"

"ஜட்ஜுக்கு... யாருக்குப் போட்டே?"

"இதென்ன கேள்வி? அந்த இடத்தை எப்பவும் காலியாத்தான் விடுவேன். ஒரே ஆள் நிக்கறப்ப எதுக்கு மையை வீணாக்கணும்?"

பிஸ்கட்டை எழுதியது இவள் இல்லையா?!

"போதும்!" ஹால்பர்ட் குரல் கோர்ட்டில் போல் ஒலித்தது. "முங்கற ஆளை மேல கூப்பிடு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அந்தம்மா இனிமே எந்த மேஜையிலும் உக்காரக் கூடாது!"

வெர்னா தலைகுனிந்தாள். கூட்டம் அவளைச் சுற்றி ஒதுங்கியது. ஊர் முழுக்க இருந்தும் அவள் பக்கத்தில் யாருமில்லை.

ஒருவனைத் தவிர.

டாயில்.

"பிஸ்கட்டை எழுதினது நான்தான், வெர்னா."

"என்னது?!"

"ஞாபகமிருக்கா? உன் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம். கோர்ட்டு வாசல்ல இந்த நாய்... அப்ப குட்டி... ஜட்ஜ் காரோட டயரை நனைச்சுது. நீ சிரிச்சே. அந்த வருஷம் பூரா நீ சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கு மட்டும்தான்." அவன் பூட்ஸைப் பார்த்துப் பேசினான். "மறுபடி சிரிக்கட்டுமேன்னு எழுதினேன். நம்ம மேஜைக்குத்தான் வரும்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் சிரிச்சே."

"அடப்பாவி... அப்ப இந்தத் தடவை ஏன் எழுதல?"

டாயில் வாய் திறந்தான்.

சத்தம் தண்ணீரிலிருந்து வந்தது!

"ஷெரிஃப்! கீழ ஒரு கார் கிடக்கு!"

கரையில் நின்றவர்கள் தண்ணீரோரம் ஓடினார்கள்.

"என்ன நிறம்?" வேட் கத்தினான்.

"பாசி மூடியிருக்கு... தேச்சுப் பாத்தேன்... மஞ்சள்! உள்ள... உள்ள எலும்பு இருக்கு!"

மஞ்சள் கார்!

லார்க்ஸ்பரில் மஞ்சள் கார் வைத்திருந்தவள் ஒரே ஒருத்தி. நீதிபதியின் மனைவி எலீஸ். இருபது வருஷத்துக்கு முன்னால், யாரோ பாட்டுக்காரனோடு அரிசோனாவுக்கு ஓடிவிட்டாள் என்று ஹால்பர்ட் சொன்னார். ஊர் நம்பியது. இரக்கப்பட்டு, அந்த வருஷம் அவருக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. அப்புறமும் நிற்கவில்லை.

ஹால்பர்ட் தன் காரை நோக்கி நடந்தார். வேகமாக... இன்னும் வேகமாக...

காரின் முன்சக்கரத்தருகே பிஸ்கட் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. நாயைத் தாண்டப் போய்ப் பனியில் வழுக்கி விழுந்தார்!

வேட் குனிந்து அவர் கையில் விலங்கை மாட்டினான்.

"அவளை நான்... அது ஒரு சண்டையில..." ஹால்பர்ட் முனகினார்.

"பேசாம இருக்க உங்களுக்கு உரிமை உண்டு சார். நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க. உங்களுக்குத் தோணவேண்டாமா?"

வெர்னா சிரிக்கவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம்... அந்தப் பொம்பளை தனியாக... தேடக்கூட ஆளில்லாமல். நாய்க்கு ஓர் ஓட்டு குறைந்ததைக் கவனிக்க ஆள் இருந்தது. எலீஸ் குறைந்ததைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

மார்ஜி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"நீ நல்லதுதான் பண்ணே. ஆனா சத்தியம் சத்தியம்தான், வெர்னா. நாளைக்கு நீ வர வேணாம்."

"தெரியும்."

டாயில் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றான்.

"கடைசிச் சீட்டு வரைக்கும் நீ பொறுத்திருக்கலாம்" என்றான். "நான் போய் எண்ணி முடிக்கணும். இல்லேன்னா கணக்கு நிக்கும்."

போய்விட்டான்.

அவள் வீட்டுக்குப் போனாள். டிவியைப் போடவில்லை.

மறுநாள் காலை மார்ஜி கோர்ட்டுக் கதவில் முடிவை ஒட்டினாள். உள்ளே போக அனுமதி இல்லாததால் வெர்னா பனியில் நின்று படித்தாள். மூன்றாம் தீர்மானம்: தோல்வி. நீதிபதி பதவி: ஹால்பர்ட் 2,306, வெற்றி. வென்றவர் அதே கட்டடத்தின் லாக்கப்பில் இருந்தார்.

அதற்குக் கீழே, எழுதிப் போட்ட பெயர்கள். இயேசு 4. மாமியார் 1. வெர்னா ப்ரூயிட் 1.

பிஸ்கட்டும் எந்தத் தேர்தலிலும் ஓர் ஓட்டுக்கு மேல் வாங்கியதில்லை.