லிமாவுக்கு முப்பத்தொரு மணி நேரம்

காலை பத்து மணிக்குத் துயில் வண்டி வந்து எதிர்வீட்டுச் சபாநாயகத்தை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக் கூடத்திலேயே ஊசி போட்டு, உடல் வெப்பத்தை இறக்கி, துயிற்பேழையில் படுக்க வைத்து, மூடியில் ‘போகோட்டா’ என்று ஒட்டினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரைகூட அவர் மனைவி வாசலில் நிற்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது. நாளை மறுநாள் அவர் அங்கே கண் விழித்து, பல் துலக்கி, நேராக வேலைக்குப் போய்விடுவார்.

2096-ல் மதுரையிலிருந்து கடல் தாண்டிப் போவது அவ்வளவுதான். எண்ணெயை எரிக்கும் விமானங்கள் ஒழிந்து, மின்கலத்தில் மெதுவாகப் பறக்கும் நெடுவானூர்திகள் வந்த பிறகு, அத்தனை மணி நேரம் இருக்கையில் மடங்கிக் கிடக்க யாரும் தயாராக இல்லை. படுத்தால் புறப்பாடு, விழித்தால் ஊர் வந்துவிடும். ஆகாயத்தில் விழித்திருந்த பயணி என்று ஒருவர் இருந்து இருபத்தைந்து வருடமாகிவிட்டது.

இதையெல்லாம் நறுமுகை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரத்தில் அவளுடைய ஒரே மகள் இதழினிக்கு லிமாவில் கல்யாணம். அந்த ஊர்க் குன்றுகளில் வலை கட்டிப் பனிமூட்டத்திலிருந்து குடிநீர் எடுக்கும் வேலை இதழினிக்கு. மாப்பிள்ளை மாத்தேயோவும் அங்கேயே வேலை செய்பவன். ஆனால் நறுமுகையின் நெஞ்சுக்குள் இரண்டு வருடமாகத் துடிப்பைச் சீராக்கும் ஓர் இதயச்சீரி இருந்தது. உடல் குளிர்ந்தால் அந்தக் கருவி நின்றுவிடும், பேழைப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஒளியுருவாக வந்து மேடையில் நின்றால் போதுமே என்று மகள் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். தாலி கட்டும்போது ஒளியைத் தொட்டுக்கொண்டா நிற்பாய் என்று கேட்டுவிட்டு நறுமுகை இணைப்பைத் துண்டித்தாள்.

அவள் கணவர் அதியன், ஓய்வுபெற்ற மின்தூக்கி ஆய்வாளர். எந்த விதிமுறையையும் கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற மனிதர். பேசுவது மட்டும் குறைவு. அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எல்லா வீடுகளையும் போல அங்கும் சுவரிலிருந்து பேசும் இயந்திர வீட்டுக்குரல் ஒன்று இருந்தது. ஐயாவுக்குத் தோசை போதும், அம்மாவுக்குத் தலைவலி என்று ஒருவர் செய்தியை இன்னொருவருக்கு அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியம் ஏற்பட்டதே இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குரல் சொன்னது: “அம்மா, துயிலவைக்க முடியாதவர்களை விழிப்புநிலையில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருக்கிறதாம். துணைக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டுமாம். ஐயா வருவதாகச் சொல்கிறார்.”

நறுமுகை எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அதியன் முகம் பார்த்து அவள் பேசி எத்தனை நாளாயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை.

“முப்பத்தொரு மணி நேரங்க,” என்றாள். “எப்படி உக்காந்திருப்பீங்க?”

“நீ உக்காரும்போது நானும் உக்காந்துக்கிறேன்.”

வான்பயண நிறுவனம் உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு பேர் எந்தக் கருவியும் இல்லாமல் அவ்வளவு நேரம் அடைந்து கிடந்தால் மனம் கெட்டுப்போகலாம் என்று அஞ்சி, முதலில் உடனிருப்புச் சோதனை என்று ஒன்று வைத்தது. ஓர் அறை, இரண்டு நாற்காலி, மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கண்காணிப்புக் கருவியின் திரையில் அழுத்தக் கோடு ஏறிக்கொண்டே போனது. அப்போது நறுமுகை பொறுக்கமாட்டாமல், இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவர் அவளைக் கேட்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் போனதைப் பற்றிக் கேட்டாள். அவர் மறுத்தார். அவள் தேதி சொன்னாள். மிச்ச நேரம் முழுவதும் சண்டைதான். தோற்றுவிட்டோம் என்று தலைகுனிந்து வெளியே வந்தவர்களிடம், ‘உரையாடல் வளம் மிக நன்று’ என்ற சான்றிதழ் நீட்டப்பட்டது.

அதன்பின் ஏற்பாடுகள் வேகம் பிடித்தன. தூங்குகிறவர்களுக்குச் சாப்பாடு எதற்கு? வானூர்தியில் சமையலறையே கிடையாது. புளிச்சோறு எத்தனை மணி நேரம் தாங்கும், தயிர்சோற்றை எப்போது முடித்துவிட வேண்டும் என்று நறுமுகை மணிவாரியாகத் திட்டம் போட்டாள். காலை நீட்டி நடக்க எத்தனை அடி இடம் இருக்கிறது என்று அதியன் நிறுவனத்துக்கு நான்கு முறை கடிதம் எழுதினார். இருவருக்கும் உள்ளூர ஒரே பயம்தான். அவ்வளவு நேரம் என்ன பேசுவது?

பொறியாளர்கள் உட்காரும் முன்னறையில் இரண்டு இருக்கைகளைப் பொருத்தியிருந்தார்கள். கீழே கிடங்கில் நானூறு பேர் அடுக்கடுக்காக உறங்கினார்கள். ஓர் இயந்திரப் பணியாளர் மட்டும் துணைக்கு இருந்தது. அரபிக்கடல் முடியும்வரை சேலத்துச் சண்டை மிச்சமிருந்தது. ஆப்பிரிக்காவின் செம்மண் தெரிந்தபோது புளிச்சோற்றைப் பிரித்தார்கள். அவருக்குப் பிடிக்கும் என்று பல வருடமாக அவள் உப்பைக் குறைத்துவந்ததும், அவளுக்குப் பிடிக்கும் என்று அவர் அதைச் சகித்துவந்ததும் அப்போதுதான் வெளிவந்தன. வீட்டுக்குரல் ஒருமுறை எதையோ தவறாகச் சொல்லியிருந்தது. யாரும் சரிபார்க்கவில்லை. நறுமுகை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மேற்கே பறந்ததால் சூரியன் சாவகாசமாக இறங்கியது. அட்லாண்டிக்கின் மேல் அந்தி நீண்டுகொண்டே போனது. அவள் அவர் தோளில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் கண் விழித்தபோது, இன்னும் எவ்வளவு நேரம் என்று பணியாளரிடம் அதியன் கேட்டார். ஆறு மணி நேரம் என்றது அது.

“ஆறுதானா?” என்றார் அவர்.

லிமாவில் இதழினி அம்மாவின் இரு கன்னங்களையும் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். வானூர்தி நிலைய வாசலிலிருந்து வண்டிவரை அப்பா நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தது அவளுக்கு விளங்கவே இல்லை. கல்யாணம் பனிமூட்டத்துக்கு நடுவே, குன்றின் மேல், நல்லபடியாக நடந்தது. மகளின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்ற நறுமுகையின் இதயச்சீரி ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

அவர்கள் அங்கே தங்கியிருந்த ஒரு மாதத்தில் சங்கதி வெளியே பரவிவிட்டது. கடலையும் மலையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்த தம்பதியைப் பற்றி எல்லாத் திரைகளிலும் காட்டினார்கள். நிறுவனம் சும்மா இருக்குமா? ‘விழிப்பு வகுப்பு’ என்று தொடங்கிவிட்டது. பேழையைவிட மூன்று மடங்கு கட்டணம். சொன்ன நாளிலேயே இடம் தீர்ந்தது.

திரும்பும் வானூர்தியில் அறுபது இருக்கைகள் இருந்தன, அறுபதும் நிரம்பியிருந்தன. எல்லோரும் உற்சாகமாக ஏறினார்கள். முழுப் பயணமும் கண்ணை மூடப் போவதில்லை என்றார் முன்வரிசைக்காரர். வானூர்தி மேலெழும்பியபோது அறுபது பேரும் ஜன்னலோடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஆண்டிஸ் மலைத்தொடரின் பனிச்சிகரங்கள் வரத் தொடங்கியபோது வெளிச்சத்தில் கண் கூசுவதாக யாரோ சொன்னார்கள். ஜன்னல் மறைப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கண்பட்டைகளும் காதடைப்புகளும் வெளியே வந்தன. முக்கால் மணி நேரத்தில் முன்வரிசைக்காரரின் குறட்டை கேட்டது.

அதியன் மாத்தேயோவின் மாமாவைப் பற்றி ஏதோ சொல்ல, நறுமுகை சிரித்தாள். பணியாளர் இயந்திரம் சக்கரம் ஓசைப்படாமல் வந்து குனிந்தது.

“மன்னிக்கவும். நீங்கள் பேசுவதாக ஏழு புகார்கள் வந்திருக்கின்றன. மற்றவர்கள் தூங்குகிறார்கள்.”

“முழிச்சிருக்கிறதுக்குத்தானே இந்த வகுப்பு?” என்றார் அதியன்.

“ஆமாம் ஐயா. அவர்களும் அதற்குத்தான் பணம் கட்டினார்கள்.”

இயந்திரம் சற்று யோசித்தது. பிறகு இருவரையும் கீழே அழைத்துச் சென்று, துயிற்பேழைகளுக்கு நடுவே, சரக்குக் கதவின் வட்ட ஜன்னலை ஒட்டி இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டது. இங்கே எவ்வளவு சத்தமாகவும் பேசலாம், யாரும் எழுந்து குறை சொல்ல மாட்டார்கள் என்றது.

நறுமுகை நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டாள். இன்னும் முப்பது மணி நேரம் இருந்தது.

“அந்த மாமா என்ன சொன்னாருன்னீங்க?” என்று குரலை உயர்த்திக் கேட்டாள்.